நீரரணின் இலக்கணம்

கடல்மட்டத்திற்கு 6,000 அடிக்கு மேலே, தேயிலைச் சரிவுகளின் நடுவே கிடக்கும் கந்தப்பளையிலிருந்து ஒருவன் போர்க்கப்பலைப் பற்றி எழுதப் புகுவது பொருத்தமாகுமோ என நேயர்கள் ஐயுறலாம். கப்பல் நெய்தல் நிலத்தார்க்குரிய பொருள். குறிஞ்சியில் வாழ்வார்க்கு அதனோடு யாது உறவு என்பது அவ்வையத்தின் கருத்தாகும். உறவு இரண்டு உண்டு. இரண்டும் அண்மைக் காலத்தில் வெளிப்பட்டவை.

முதலாவது, நம் கொழுந்து போகும் வழி. 2024 ஆம் ஆண்டில் இலங்கை ஏறக்குறைய 245 மில்லியன் கிலோ தேயிலையை ஏற்றுமதி செய்தது. ஈராக், ருஷ்யா, துருக்கி, ஐக்கிய அரபு இராச்சியம் முதலிய நாடுகளுக்கு அது கடல்வழியே செல்கின்றது. 2023 நவம்பரில் யெமன் நாட்டு ஹூதிப் படையினர் செங்கடலில் வணிகக் கப்பல்களைத் தாக்கத் தொடங்கினர். அதன்பின் பல கப்பல்கள் சுயஸ் கால்வாயைக் கைவிட்டு, ஆபிரிக்காக் கண்டத்தையே வளைந்து நன்னம்பிக்கை முனை வழியாகச் சென்றன. ஐரோப்பியப் பயணத்திற் பத்து நாள் முதல் இருவாரம் வரை கூடிற்று. கப்பற்கூலியும் உடன் ஏறிற்று. 2024 சனவரியில் அந்நாட் சனாதிபதி ரணில் விக்கிரமசிங்க, நம் கடற்படைக் கப்பல் ஒன்று செங்கடலுக்கு அனுப்பப்படும் என்றும், இருவார காலத்திற்கு அதற்கு 25 கோடி ரூபா செலவாகும் என்றும் அறிவித்தார். கடன் சுமந்து நிற்கும் நாட்டுக்கு இச்செலவு தகுமோ என்று எதிர்க்கட்சியினர் வினவினர். ‘செலவு தகுமோ’ என்னும் வினா எழுந்ததேயன்றி, ‘நம் கப்பல் அதற்குத் தகுமோ’ என்னும் வினா உரத்து எழவில்லை.

இரண்டாவது உறவு, துன்பத்தில் விளைந்தது. 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ என்னும் சூறாவளி இந்நாட்டை அலைத்தது. 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலைகள் சரிந்தன, நுவரெலியா மாவட்டத்தின் பாதைகள் பல துண்டிக்கப்பட்டன. அந்நாளில் நம் கடற்படையின் 75 ஆம் ஆண்டு நிறைவை ஒட்டிய கப்பலணிவகுப்புக்காகக் கொழும்புக்கு வந்திருந்த இந்தியக் கடற்படையின் ‘விக்ராந்த்’, ‘உதயகிரி’ என்னும் இரு கலங்களும் தம்மிடமிருந்த பொருள்களை நிவாரணமாக இறக்கின. விக்ராந்தின் ஹெலிகொப்டர்கள் மீட்புப் பணியில் ஈடுபட்டன. போருக்கென ஆக்கப்பட்ட கலங்கள் போரில்லாத ஓர் இடுக்கணில் உதவின.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து நோக்கினால், போர்க்கப்பலை எவ்வாறு அமைப்பது, எதைக் கொள்வது, எதை விடுவது என்பது பொறியியலார்க்கு மட்டும் உரிய சிக்கல் அன்று என்பது விளங்கும். அஃது அரசியற் பொருள்; வரிகொடுப்போர் யாவரும் அறிந்திருக்கவேண்டிய பொருள்.

நில அரணும் நீர் அரணும்

திருவள்ளுவர் அரணுக்கு நான்கு இலக்கணம் வகுத்தார். உயரம் வேண்டும், அகலம் வேண்டும், உறுதி வேண்டும், பகைவர் நெருங்குதற்கு அரிதாதலும் வேண்டும். இந்நான்கும் ஒருங்கே அமைவதே நூலோர் போற்றும் அரண் என்பது அவர் துணிபு. நிலத்தின்மேல் நிற்கும் கோட்டைக்கு இவ்விலக்கணம் முற்றும் பொருந்தும். மதிலை இன்னும் பத்து முழம் உயர்த்தினால் அகழியின் ஆழம் குறையப்போவதில்லை. பொருளும் ஆளும் இருப்பின் நான்கையும் வேண்டுமளவு பெறலாம். பூமி எத்துணைப் பாரத்தையும் தாங்கும்.

போர்க்கப்பல் மிதக்கும் அரண். அதனைத் தாங்குவது நீர். தன் எடைக்கு ஈடான நீரை விலக்கியே கப்பல் மிதக்கின்றது என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். ஆகவே ஒவ்வொரு தொன் எடைக்கும் கணக்குண்டு. தடித்த இரும்புக் கவசம் பூட்டினால் ஓட்டம் தளரும். ஓட்டத்தை மீட்கப் பெரிய இயந்திரம் வைத்தால், அவ்வியந்திரம் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எண்ணெயையும் குடித்துத் தீர்க்கும். எண்ணெய்த் தொட்டியைப் பெருக்கினால் ஆயுதக் களஞ்சியம் சுருங்கும். எல்லாவற்றிற்கும் இடமளிக்கக் கப்பலையே பெரிதாக்கினால் விலை ஏறும். விலை ஏறினால் மூன்று கப்பல் கட்ட எண்ணிய நாடு ஒன்றோடு நிற்கும். தாக்கும் வலி, தாங்கும் வலி, வேகம், நெடுந்தொலை செல்லும் ஆற்றல், விலை என்னும் ஐந்தும் ஒரே பானைச் சோற்றுக்கு உட்கார்ந்த ஐந்து பிள்ளைகளைப் போன்றவை. ஒருவனுக்கு ஓரகப்பை கூட விழுந்தால், இன்னொருவன் இலையில் அது குறைந்தே தீரும்.

வேகத்தின் கணக்கு இவற்றுட் கொடியது. ஒரு கப்பலின் வேகத்தை இருமடங்காக்கவேண்டின், இயந்திர ஆற்றலை இருமடங்காக்கினாற் போதாது. ஏறக்குறைய எண்மடங்காக்கல் வேண்டும். இக்கணக்கை மறந்தார்க்கு நேர்ந்ததை அமெரிக்காவின் கரையோரப் போர்க்கலங்களிற் காணலாம். மணிக்கு 40 கடல்மைலுக்கு மேல் ஓடவேண்டும் என்ற விருப்பத்தால் அவற்றின் வயிற்றில் இயந்திரங்களே நிரம்பின. அவ்வியந்திரங்களும் அடிக்கடி பழுதுற்றன. அவ்வகையில் ‘சூ சிற்றி’ என்னும் கலம் 2018 இற் கடற்படையிற் சேர்ந்தது. ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டு உழைக்கவேண்டிய அக்கலம், 2023 இலேயே ஓய்வு பெற்றது.

எடை எவ்வளவு என்பதோடு எங்கே இருக்கின்றது என்பதும் ஆராயத்தக்கது. சுவீடன் நாட்டு மன்னர் குஸ்தாவ் அடோல்ப் கட்டுவித்த ‘வாசா’ என்னும் கப்பல் 64 பீரங்கிகளோடும் வண்ணச் சிற்பங்களோடும் 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டொக்ஹோம் துறையிலிருந்து புறப்பட்டது. இரண்டு அடுக்குகளிற் பீரங்கிகள் ஏறியதால் மேற்பாரம் மிகுந்துவிட்டது. ஒரு மைல் தூரமும் ஓடவில்லை. காற்று ஒன்று வீசச் சாய்ந்து, திறந்திருந்த பீரங்கித் துளைகள் வழியே நீர் புகுந்து அமிழ்ந்தது. பகைவன் ஒருவனும் அங்கு இல்லை. கப்பலை வீழ்த்தியது அதன்மேல் ஏற்றப்பட்ட பேராசை. 1961 இல் அதனை நீரிலிருந்து எடுத்து இன்று காட்சிப்பொருளாய் வைத்திருக்கின்றனர்.

மட்டக்களப்புக் கடலில் ஒரு பாடம்

அயல்நாட்டுக்குப் போகாமல் நம் கடலிலேயே இதற்கொரு பாடம் கிடக்கின்றது. பிரித்தானியாவின் ‘ஹேர்மிஸ்’ என்னும் கப்பல், விமானந்தாங்கியாகவே முதலிலிருந்து வரையப்பட்டு 1918 இல் அடிக்கட்டை இடப்பெற்றது. 1924 இற் படையிற் சேர்ந்தது. ஏறக்குறைய 10,850 தொன் எடையும், மணிக்கு 25 கடல்மைல் வேகமும் உடையது. மரச்சட்டமும் துணியுமாக விமானங்கள் இலேசாயிருந்த காலம் அது. இருபது விமானங்கள் தங்குவதற்கு அளந்து கட்டினர். அளவு அக்காலத்துக்குச் சரியாகவே இருந்தது.

ஆனால் விமானங்கள் வளர்ந்தன; கப்பல் வளரவில்லை. இரண்டாம் உலகப்போர் வந்தபோது அதிலே ஏறக்குறைய ஒரு பன்னிரண்டு விமானங்களே தங்கக்கூடியனவாயின. வானிலிருந்து வரும் பகையை எதிர்க்கும் பீரங்கிகளும் சிலவே. மேலும் ஏற்ற இடமும் இல்லை. எடைக்கு இளக்கமும் இல்லை. 1942 ஏப்ரலில் யப்பானியர் தாக்கப் போகின்றனர் என்ற செய்தி கிடைத்ததும், ஹேர்மிஸ் திருகோணமலையை விட்டு வெளியேறிற்று. அப்போது அதன்மேல் ஒரு விமானமும் இல்லை. ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அருகே யப்பானிய வேவு விமானம் ஒன்று அதனைக் கண்டுகொண்டது. எண்பதுக்கும் மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் வந்து பாய்ந்தன. சிறிது நேரத்திற் கப்பல் மூழ்கிற்று. 307 பேர் மாண்டனர். துணைவந்த அவுஸ்திரேலிய நாசகாரி ‘வம்பயர்’ உம் உடன் அழிந்தது. ‘வீற்றா’ என்னும் மருத்துவக் கப்பல் நீரிற் கிடந்த ஏறக்குறைய அறுநூறு பேரை எடுத்துக் காத்தது.

ஹேர்மிசை வரைந்தோர் அறிவற்றவர் அல்லர். தம் காலத்து அளவுக்கு முற்றும் பொருந்த வரைந்தனர், அதுவே பிழையாயிற்று. கப்பலின் வாழ்நாள் முப்பது ஆண்டு. ஆயுதத்தின் வாழ்நாள் பத்து ஆண்டு. பிள்ளைக்குச் சட்டை தைக்கும் தாய், அடுத்த ஆண்டையும் நினைந்து மடிப்பு விட்டுத் தைப்பாள். அம்மடிப்பு ஹேர்மிசில் இருக்கவில்லை.

இதனை இன்னும் சற்று விளக்குதல் நன்று. கப்பல் வரைபடத்தின்முன் அமர்வோருள் பீரங்கிக்காகப் பேச ஒருவர் உண்டு. ஏவுகணைக்காகப் பேச ஒருவர் உண்டு. இயந்திரத்துக்கும் ஒருவர் உண்டு. வெற்றிடத்துக்காகப் பேச எவரும் இலர். ‘இந்த அறை சும்மா கிடக்கின்றதே’ என்ற சொல் எழுந்தவுடன், ஏதேனும் ஒரு கருவி அங்கே குடியேறிவிடும். ஆனால் எதிர்பாராத நாள் வரும்போது கைகொடுப்பது பெரும்பாலும் அந்தச் சும்மா கிடந்த அறையே.

கோதாவரியின் கணக்கு

இதற்கு மறுதலையாக, விடவேண்டியதை அறிந்து விட்ட ஒரு கப்பலையும் காட்டவேண்டும். பிரித்தானிய ‘லியாண்டர்’ வரைபடத்தைத் தழுவி, பம்பாய் மசகோன் கப்பற்கூடத்தில் இந்தியா கட்டிய ‘நீலகிரி’ 1972 இற் படையிற் சேர்ந்தது. அதனையடுத்துத் தாமே வரைந்து கட்ட முனைந்தபோது, கடற்படை கேட்டவை பல: சோவியத் ஏவுகணைகள் வேண்டும், ‘சீ கிங்’ என்னும் பெரிய ஹெலிகொப்டர்கள் ஒன்றல்ல, இரண்டு வேண்டும், கருவிகள் பல நாட்டவை. இவற்றையெல்லாம் தாங்கக் கப்பல் நீளவேண்டும், பெருக்கவேண்டும். பெருத்த கப்பலுக்குப் புதிய இயந்திரமும் வேண்டும் என்பதே இயல்பாய் எழும் எண்ணம். புதிய இயந்திரம் என்றால் புதிய செலவு, புதிய தாமதம், புதிய பழுதுகள்.

வரைவாளர் கணக்கிட்டுப் பார்த்தனர். லியாண்டரின் அதே 30,000 குதிரைவலு நீராவி இயந்திரத்தையே நீண்ட உடலில் வைத்தால், மணிக்கு 28 கடல்மைல் ஓடியது 27 ஆகக் குறையும், அவ்வளவே. ஒரு கடல்மைல் வேகத்தை விட்டார்கள். அதற்கு ஈடாக இரண்டு ஹெலிகொப்டர்களையும், பழகிய இயந்திரத்தையும், மிகுந்த இடத்தையும் பெற்றார்கள். 1983 டிசம்பரிற் படையிற் சேர்ந்த ‘கோதாவரி’ 2015 டிசம்பர் வரை, முப்பத்திரண்டு ஆண்டுகள் உழைத்தது. தெரிந்து செயல்வகை என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், அழிவதையும் ஆவதையும் பின் வரும் ஊதியத்தையும் ஒருங்கே எண்ணிச் செய்க என்றார். கோதாவரியின் வரைபடம் அவ்வதிகாரத்திற்கு எழுதப்பட்ட உரை எனலாம்.

விஞ்ஞானக் கதை உணர்த்தும் உண்மை

விஞ்ஞானக் கதைகளை விளையாட்டுப் பிள்ளைகளின் பொருள் எனத் தமிழாசிரியர் பலர் தள்ளுவதுண்டு. அவற்றிலும் இக்கணக்கைக் கூர்மையாய்ச் சொன்ன கதை ஒன்று உண்டு. அதனை எழுதியவரும் நம் நாட்டில் வாழ்ந்தவர். ஆதர் சி. கிளார்க் 1956 இல் இலங்கைக்கு வந்து குடியேறி, 2008 இல் இங்கேயே மறைந்தவர். அவர் இங்கு வருவதற்கு முன்னரே, 1951 இல், ‘மேம்பாடு’ எனப் பொருள்படும் தலைப்பிற் சிறுகதையொன்று வெளியிட்டார்.

விண்வெளியில் இரு பேரரசுகள் பொருகின்றன. ஒரு தரப்பிடம் கப்பல்கள் மிகுதி, ஆயுதங்களும் குறைவற்றவை. ஆயினும் அவர்களின் விஞ்ஞானி ஒருவர், இருப்பவற்றைக் காட்டிலும் மிகச் சிறந்ததொன்றை ஆக்கித் தருவேன் என்கிறார். பழைய ஆயுதத்தின் உற்பத்தி நிறுத்தப்படுகின்றது. புதியது வரத் தாமதமாகின்றது. வந்ததும் வேலை செய்கின்றது. ஆனால் அதனை ஏற்றக் கப்பல்களை மாற்றவேண்டியிருக்கின்றது. மாற்றி முடிவதற்குள் அதனினும் சிறந்த வேறொன்று முன்வைக்கப்படுகின்றது. எதிரியோ பழைய ஆயுதங்களையே மேன்மேலும் செய்து குவித்துக்கொண்டு வருகின்றான். முடிவில் மேம்பட்டவர் தோற்கின்றனர். அத்தரப்பின் தளபதி சிறையிலிருந்து கூறுவதாகவே கதை அமைந்துள்ளது; அவ்விஞ்ஞானியோடு ஒரே அறையில் தன்னை அடைத்து வைக்கவேண்டாம் என்பதே அவன் விண்ணப்பம்.

கற்பனைதானே என்று இதனை ஒதுக்கற்க. 2020 இல் அமெரிக்கா, ஐரோப்பாவிற் பிரான்சும் இத்தாலியும் கட்டி ஓட்டிப் பார்த்த ஒரு போர்க்கப்பல் வரைபடத்தைத் தெரிந்தெடுத்தது. ஏற்கெனவே தேறிய வரைபடமாதலால் விரைவும் சிக்கனமும் கிட்டும் என்பது எண்ணம். ‘கொன்ஸ்ரலேசன்’ எனப் பெயரிட்டனர். பின்னர் இதை மாற்று, அதைச் சேர் என்று திருத்தங்கள் தொடங்கின. மூல வரைபடத்தோடு அதற்கிருந்த ஒப்புமை பெரும்பாலும் அற்றுப்போயிற்று. எடை 700 தொன்னுக்கு மேற் கூடிற்று. வளர்ச்சிக்கென விட்டிருந்த இளக்கம் கப்பல் நீரைக் காணுமுன்பே தின்னப்பட்டது. முதற் கப்பல் மூன்று ஆண்டு பிந்தும் நிலை வந்தது. 2025 நவம்பரில், கட்டத் தொடங்கிய இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றைக் கைவிடுவதாக அந்நாட்டுக் கடற்படை அறிவித்தது. செல்வத்திற் சிறந்த நாட்டுக்கே இது நேருமாயின், 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அறிவித்த நாடு எத்துணை விழிப்போடு இருக்கவேண்டும்!

சிறியவை பெரியவற்றைச் சாய்த்தல்

இன்னொரு மாற்றமும் கண்முன் நிகழ்கின்றது. 2022 ஏப்ரல் 14 அன்று ருஷ்யாவின் கருங்கடற் கப்பலணித் தலைமைக் கலமான ‘மொஸ்க்வா’ மூழ்கிற்று. தன் ஏவுகணைகள் தாக்கின என்றது உக்ரைன். கப்பலில் மூண்ட தீயே காரணம் என்றது ருஷ்யா. எவ்வாறாயினும், பதினாறு பேரேவுகணைகளைத் தோளிற் சுமந்த அக்கலம் தன்னைக் காத்துக்கொள்ளவில்லை. 2024 இல் ஆளில்லாத சிறு வெடிபடகுகளாலும் ருஷ்யக் கப்பல்கள் சில அழிந்தன.

இது நம் நாட்டுக்குப் புதிய செய்தி அன்று. உள்நாட்டுப் போரின் நியாயங்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. போர் முறையை மட்டும் நோக்குவோம். விடுதலைப் புலிகளின் கடற்பிரிவு, வெடிமருந்து நிரப்பிய விரைவுப் படகுகளைக் கொண்டு தன்னினும் பன்மடங்கு விலையுயர்ந்த கலங்களை அழித்தது. முடிவில் அரசின் கடற்படையும், பெருங்கலங்களால் அப்படகுகளை அடக்குதல் அரிதெனக் கண்டு, ‘அரோ’ என்னும் சிறு படகுகளைத் தானே உள்நாட்டில் நூற்றுக்கணக்கில் ஆக்கி இறக்கிற்று. இரு பக்கத்து உயிரையும் விலையாகக் கொடுத்துக் கற்ற பாடம் அது.

செங்கடலிற் பாடம் வேறு வடிவில் வந்தது. மலிவான ஆளில்லா விமானத்தை வீழ்த்த, பத்து இலட்சம் டொலருக்கு மேல் விலையுள்ள ஏவுகணைகள் எய்யப்பட்டன. அமெரிக்க நாசகாரியில் ஏவுகணை வைக்கும் குழிகள் 90 முதல் 96 வரை உண்டு. அவை தீர்ந்தால் நடுக்கடலில் நிரப்புதல் இன்னும் நடைமுறைக்கு வாராமையின், துறைமுகத்துக்குத் திரும்பவேண்டும். அம்பறாத்தூணி வற்றிய வில்லாளிக்கு வில் எவ்வளவு சிறந்ததாயினும் பயனென்ன?

நமக்கு வேண்டிய கலம்

இனி நம் கடலுக்கு வருவோம். இலங்கையின் நிலப்பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர். நமக்குரிய பொருளாதாரக் கடற்பரப்போ அதனினும் ஏறக்குறைய எட்டு மடங்கு. தேடுதலுக்கும் மீட்புக்கும் நாம் பொறுப்பேற்றுள்ள கடற்பரப்பு, நிலத்தினும் ஏறக்குறைய இருபத்தேழு மடங்கு. இவ்வகன்ற நீரில் நமக்கு அண்மையில் நேர்ந்தவை யாவை?

2020 செப்ரெம்பர் 3 அன்று, குவைத்திலிருந்து இந்தியாவின் பாரதீப் துறைமுகத்துக்கு ஏறக்குறைய 2,70,000 தொன் மசகெண்ணெய் ஏற்றிச் சென்ற ‘நியூ டயமன்ட்’ என்னும் கப்பல் கிழக்குக் கரைக்கு அப்பால் தீப்பற்றிற்று. நம் ‘சயுர’, ‘சிந்துரால’ முதலிய கலங்களும் இந்தியக் கலங்களும் சூழ்ந்து நின்று நாட்கணக்கில் தீயோடு போராடின. எண்ணெய் முழுதும் கடலிற் கொட்டியிருந்தால் கிழக்குக் கரையின் மீன்பிடி என்னவாகியிருக்கும்? 2021 மேயில் ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ கொழும்புக்கு அருகே எரிந்து, சூனில் மூழ்கிற்று. ஏறக்குறைய 1,680 தொன் நெகிழி மணிகள் கடலிலும் கரையிலும் பரவின. 2025 இல் சூறாவளி. இம்மூன்று நாட்களிலும் நமக்கு வேண்டியிருந்தவை நீர் பீய்ச்சும் பொறி, இழுக்கும் வடம், ஹெலிகொப்டர் இறங்கும் தளம், பொருள் வைக்கும் அறை, குடிநீர், நோயாளர் படுக்கை என்பனவே. ஏவுகணைக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

இவ்விடத்திற் குறிக்கத்தக்க ஒற்றுமை ஒன்றுண்டு. சூறாவளிக்குப் பின் திருகோணமலைக்கு நிவாரணம் கொண்டுவந்த இந்தியக் கலங்களுள் ‘சுகன்யா’வும் ஒன்று. 1989 முதல் உழைக்கும் பழங்கலம், ஆயுதம் சொற்பம், தளமும் வயிறும் அகலம். 2000 ஆம் ஆண்டில் இந்தியாவிடமிருந்து நாம் பெற்ற நம் ‘சயுர’ அதே வகையைச் சேர்ந்த உடன்பிறப்பு. போர்க்கப்பற் பட்டியலில் இவற்றை எவரும் வியந்து பேசார். தேவைப்பட்ட நாள்களில் இவை வந்து நின்றன.

ஆகவே, 2014 இல் ஒப்பந்தஞ் செய்து கோவாவிற் கட்டப்பட்டு, 2017 இலும் 2018 இலும் படையிற் சேர்ந்த ‘சயுரால’, ‘சிந்துரால’ என்னும் இரு காவற்கலங்களும் பொருத்தமான தெரிவு என்பதே எம் கருத்து. நெடுநாட் கடலில் நிற்றல், அளவான வேகம், ஹெலிகொப்டர்த் தளம், சிறு பீரங்கிகள் என்பன இவற்றின் இலக்கணம். நன்கொடையாய் வந்தவை பற்றி அத்துணை எளிதிற் கூறல் இயலாது. அமெரிக்காவில் 1968 இற் பணிதொடங்கிய ‘ஷேர்மன்’ என்னும் கலமே 2019 இல் நம்மிடம் ‘கஜபாகு’ ஆயிற்று. 2022 இற் சேர்ந்த ‘விஜயபாகு’வும் அவ்வகையினதே, 1971 முதல் உழைத்தது. தானங் கொடுத்த மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது பழமொழி. மாட்டுக்கு அது சரியாகலாம், கப்பலுக்குச் சரியன்று. கப்பலை இனாமாகக் கொடுப்பவர் எண்ணெயையும் உதிரிப்பாகத்தையும் இனாமாகக் கொடுப்பதில்லை. ஐம்பது ஆண்டு கடந்த இயந்திரத்தைப் பேணும் செலவு ஆண்டுதோறும் நம் கணக்கிலேயே ஏறும். ஆயினும் அவை நெடுந்தொலை செல்லும் உடலுடையன, கடற்காவலுக்குத் தக்கன. ஆதலால் தள்ளத்தக்கவையல்ல, எண்ணிக் கொள்ளத்தக்கவை.

பல்லில்லாத பாம்பைப் பகைவன் அஞ்சுவானா என்று சிலர் வினவுவர். நியாயமான வினாவே. ஆயின் நம்மைச் சூழ்ந்த கடலில் உலாவும் வல்லரசுக் கப்பலணிகளோடு ஏவுகணைக்கு ஏவுகணை நிறுத்த நம் கருவூலம் இடந்தராது. அரைகுறையாய் நான்கு ஏவுகணை ஏற்றிய கலம், பகைவனை அச்சுறுத்தாது. அவனுக்கு இலக்காக மட்டும் பயன்படும். மீன்திருட்டு, போதைப்பொருட் கடத்தல், தீ, புயல், எண்ணெய்ப் பெருக்கு என்பனவே நம் கதவைத் தட்டும் பகைகள். அவற்றுக்குப் பல்லினும் நெடிய கால்களும் அகன்ற வயிறும் வேண்டும். அத்தகைய கலத்தை ஏவுகணை பறக்கும் செங்கடலுக்கு அனுப்ப எண்ணுவதும் தவறே. வானில் வரும் ஏவுகணையை மறித்தழிக்கும் கருவியைத் தாங்கும்படி அது கட்டப்படவில்லை. தேரையும் நாவாயையும் எடுத்துக்காட்டாக வைத்து, இடனறிதலில் வள்ளுவர் அறிவுறுத்தியது இதுவேயன்றோ? கலத்தின் குறை அன்று அது. ஏவுவோர் எண்ணத்தின் குறை.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று கூறி முடிக்கின்றோம். மேல்வகுப்பு மாணவர்க்கு இதனை ஒரு பயிற்சியாகக் கொடுத்துப் பாருங்கள். 2,000 தொன் கப்பல் ஒன்று உங்களுக்கு அளிக்கப்படுகின்றது. உடலுக்கும் இயந்திரத்துக்கும் எண்ணெய்க்கும் போக எஞ்சிய சில நூறு தொன்னைப் பீரங்கி, ஏவுகணை, ஹெலிகொப்டர், மருத்துவ அறை, குடிநீர், வெற்றிடம் என்பவற்றுக்குப் பகிர்ந்து, பகிர்ந்ததற்குக் காரணமும் எழுதுக என்று கேளுங்கள். முதல் முறையில் ஏறக்குறைய எல்லாரும் ஏவுகணைக்கே அள்ளிக் கொடுப்பர். பின்னர், மண்சரிவால் வழியடைபட்ட ஒரு தோட்டத்துக்கு அக்கப்பலிலிருந்து எதை அனுப்புவாய் என்று கேளுங்கள். விடைத்தாளைத் திருத்தி எழுத இன்னொரு பாடவேளை கொடுக்கவேண்டி வரும். அடுத்த கப்பலுக்கு ஒப்பமிடப்போகும் அமைச்சர்களும் அப்பயிற்சியை ஒருமுறை செய்து பார்ப்பாராயின், நாட்டுக்கு நன்று.